பேசாதவளுக்காகப் பேசியவர்கள்

இந்த வருஷம் ஆலோசகர்களாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தையாக நாலு என்னிடம் இல்லை. கோபமாகக் கேட்டால் நாற்பது தேறும். ஓய்வு பெற்ற கிழவிக்கு இன்னும் என்ன கோபம் என்று நினைப்பவர்கள் இங்கேயே மடக்கி வைத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் ஆலோசகராகவும் நடித்துக் காட்டினீர்கள். அடடா, என்ன தலையாட்டல்! பூம்பூம் மாடு தோற்றுப்போகும். "உங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, இல்லையா?" என்று ஒரு குழைந்த குரல், அப்புறம் ஒரு "ம்ம்", அப்புறம் கடிகாரத்தின் மேல் ஒரு கண். இதற்குப் பெயர் ஆளை மையமாக வைத்துச் செய்யும் சிகிச்சையாம். எனக்கு எழுந்து வந்து இரண்டு பேர் காதையும் திருகலாம் போல இருந்தது.

இந்தக் கூத்து புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் எனக்கு வேலை. என்னோடு பயிற்சி முடித்த இன்னொரு பெண்ணும் அங்கே இருந்தாள். அவளிடம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். தூக்கம் வரவில்லை என்றார். "தூக்கம் வராமல் சிரமப்படுகிறீர்கள்" என்றாள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டதில் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்றார். "வீடு வெறிச்சென்று கிடப்பதாக உணர்கிறீர்கள்" என்றாள். மனுஷருக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, நான் காலமெல்லாம் பிள்ளைகள ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவன். நீ நல்லாத்தான் ஒப்பிக்கே. பாடம் புரிஞ்சுதான்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அவர் வரவேயில்லை.

அந்த முறை உண்மையில் சொல்வது என்ன? ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவரேதான். பயமில்லாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அவருக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும், போகவேண்டிய வழியை அவரே கண்டுபிடிப்பார். நம் பங்குக்கு மூன்று காரியம்தான். எதிரே இருப்பவரிடம் பொய்யில்லாமல் இருக்கவேண்டும். நிபந்தனை போடாமல் அவரை மதிக்கவேண்டும். அவர் நிற்கும் இடத்தில் நின்று பார்க்கவேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இதை உண்டாக்கின அமெரிக்காவில் ஓர் ஆள் தனியாக வந்து, கதவைத் தட்டி, நாற்காலியில் உட்காருவார். நம் பக்கத்தில் யார் தனியாக வந்தார்கள்? ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் ஓர் அம்பாசடர் கார் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். நாம் மையத்தில் வைக்கவேண்டிய ஆள் பின்சீட்டின் நடுவில் நசுங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்.

கோமதி அப்படித்தான் வந்தாள். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊர். ஒரு காலத்தில் வயல்வரப்பு நிறைய இருந்த சைவக் குடும்பம், இப்போது உத்தியோகக் குடும்பம். பெண் பட்டப்படிப்பு முடித்திருந்தாள். கூடவே அவள் அப்பா, அப்பாவின் அண்ணன். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அந்த அப்பா தன் அண்ணன் எதிரே நாற்காலியில் முழுசாகச் சாய்ந்துகூட உட்காரவில்லை. பேச்செல்லாம் பெரியப்பாதான்.

"மேடம், விஷயம் இதுதான். இவ அக்கா மாசி மாசம் பிரசவத்துக்கு வந்த இடத்துல தவறிப்போயிட்டா. பொம்பளப்பிள்ள, கைக்குழந்த. பதினாறு அன்னைக்கே சொந்தபந்தம் எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணியாச்சு, மாப்பிள்ளைக்கு இவளையே குடுத்துருவோம்னு. வெளிய இருந்து ஒருத்தி வந்தா அந்தப் பிள்ளையப் பாப்பாளா? சித்தின்னா தாய்க்குத் தாய்லா. வருஷம் திரும்புததுக்குள்ள வீட்டுல ஒரு நல்லது நடந்தாகணும். ஆவணியில முகூர்த்தம் வச்சாச்சு. இவ என்னடான்னா சித்திரையில இருந்து வாயத் தொறக்க மாட்டேங்கா. சோறு போட்டா திங்கா, சோலி சொன்னா பாக்கா, பேச்சு மட்டும் கிடையாது. மணவறையில வந்து கோட்டி பிடிச்ச மாதிரி உக்காந்தா ஊர் என்ன சொல்லும்? நீங்க நாலு புத்தி சொல்லி அனுப்பணும்."

"இந்தக் கல்யாணத்தில் அவளுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"மாட்டேன்னு சொல்லலியே. மௌனம் சம்மதம்லா?"

"மௌனம் சம்மதம் என்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

பெரியப்பா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "மேடத்துக்கு வக்கீல் மூளை" என்றார். நான் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு அவளுடைய மௌனம் சம்மதம், ஆஸ்பத்திரிக்கு அதே மௌனம் வியாதி! எவ்வளவு வசதியான நியாயம், பாருங்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம்மவர்கள் கிண்டலுக்குச் சொல்லிவைத்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் அதை வைத்திய முறையாகவே எடுத்துக்கொண்டதை என் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

கோமதி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில் காருக்குப் பக்கத்தில், கூட வந்திருந்த அந்த மாப்பிள்ளை, செத்துப்போன அக்காவின் புருஷன், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல. மருந்து விஷயத்தில் கெட்டிக்காரர், ஏழை நோயாளிகளிடம் அன்பானவர். ஆனால் பேசுவதும் கேட்பதும் வைத்தியம் என்பது அவருக்கு எப்போதும் ஒரு வேடிக்கைதான். "பாருங்கம்மா, பெரிய குடும்பம். ஆடி முடியறவரைக்கும் உங்க வைத்தியத்த நீங்க பண்ணிப் பாருங்க. பேசலேன்னா அட்மிட் பண்ணி கரண்டு வச்சுருவோம். பேசிட்டான்னா ஆவணியில கல்யாணம். எப்படியும் நமக்கு நல்ல பேருதான்" என்றார். கரண்டு வைப்பதை, அதாவது தலையில் மின்சாரம் பாய்ச்சும் வைத்தியத்தையே நான் பழிக்கவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவர்கள் அதனால் தேறி வீட்டுக்கு நடந்து போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் வீட்டு வேலை செய்கிறாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள். பேச மட்டும் மறுக்கிறாள். மறுப்பது எப்போதிலிருந்து வியாதி ஆயிற்று?

வாரம் ஒரு நாள் அம்பாசடர் வரும். முதல் சண்டை, பெரியப்பாவை வெளியே உட்காரச் சொன்னதற்கு. "எனக்குத் தெரியாம இவ அப்படி என்னத்தப் பேசிறப்போறா?" என்றார். "உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றால், வெளியே உட்கார்ந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாதே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். அப்பா அவருக்கு முன்பாகவே எழுந்து போய்விட்டிருந்தார்.

அதற்கப்புறம் அறையில் நாங்கள் இருவரும்தான். "இது உன் நேரம். பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. நான் இங்கேதான் இருப்பேன்" என்று சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. அப்படியே நேரம் முடிந்தது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். "என்ன மேடம், ரெண்டு பேரும் நல்லாத் தூங்கினீங்களா?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று எனக்கு ஒரு பெயரும் ஆயிற்று. பிள்ளைகளா, ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். பேச மறுக்கும் ஒருத்தியின் எதிரே, அவளைக் கேள்வி கேட்காமல், சமாதானம் சொல்லாமல், மனசை வேறு எங்கும் மேயவிடாமல் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு ஒடிந்துவிடும்.

சும்மா இருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. அவள் கட்டி வந்த சேலைகள் வயசுக்கு மீறிய நல்ல சேலைகள். ரவிக்கை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது, தோளில் ஊசி குத்தியிருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் ஒரு விசாரணை ஆகியிருக்கும்.

ஆடி பாதி ஓடிவிட்டது. ஒரு நாள் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே பெரியப்பா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஏட்டி, மேடம் இவ்வளவு பாடுபடுதாங்க. வாயத் தொறந்தா முத்து உதுந்துருமா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து உதவி செய்த திருப்தியோடு கதவைச் சாத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஆலோசகர் முகம் சாந்தமாக இருக்கவேண்டும் என்று. மூன்று காரியத்தில் முதல் காரியம் பொய்யில்லாமல் இருப்பது என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. நான் சாந்தத்தை விட்டேன்.

"எனக்கு ஆத்திரமா வருது, கோமதி. உன் மேல இல்ல. ஒருத்தி பேசாம இருக்கதுக்குக்கூட இவங்க இடம் குடுக்க மாட்டேங்காங்களே, அதுதான். இத உள்ள வச்சுக்கிட்டு உன் முன்னால சிரிச்ச மூஞ்சியா உக்கார என்னால முடியல."

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். மாதக்கணக்காகப் பேசாத தொண்டை. ஒரு கரகரப்பு மட்டும்தான் முதலில் வந்தது. அப்புறம், "எனக்கும்" என்றாள்.

நான் கேட்காமல் அவளே சேலை முந்தியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது அக்கா சேல. பதினாறு முடிஞ்ச மறுநாள்ல இருந்து எல்லாம் அக்காவோடதுதான். சேல, கட்டிலு, பிள்ள. அக்கா போட்டோவக் கழத்திப் பரண்ல போட்டுட்டாங்க. கல்யாண வீட்டுல அது இருக்கப்பிடாதாம். நான் அழுதா, கல்யாணப் பொண்ணு அழப்பிடாது, ஆகாதுங்காங்க. அம்மைக்கு அழுக வந்தா அடுக்களையப் பூட்டிக்கிடுதா. ஒரு பேச்சுக்குக்கூட வீட்டுல அக்கா பேரச் சொல்ல மாட்டேங்காங்க. நான் எங்கன போயி அழ, மேடம்?"

பாருங்கள். இத்தனை நாளும் நான் அவளுடைய கல்யாணத்தை நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு அத்தானைப் பிடிக்குமா, பிடிக்காதா என்று நான் கேட்டிருந்தால் அதுவும் பெரியப்பாவின் கேள்விதான், குரல் மட்டும் கொஞ்சம் மென்மை. அவளுக்கு வேண்டியிருந்தது செத்துப்போன அக்காவுக்காக அழ ஓர் இடம். அந்த வீட்டில் ஒரு சாவை மூடி அதன் மேல் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பேசியிருந்தால் அவர்கள் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் சொல்லவேண்டியிருந்திருக்கும். அதனால் பேச்சையே நிறுத்திவிட்டாள். இதைப் போய் கோட்டி, பைத்தியம் என்றார்கள்!

போகும்போது, "நான் பேசுனேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். சரி என்றேன்.

இந்தச் சரியில் என் தலை மாட்டிக்கொண்டது. அவள் பேசுகிறாள் என்று நான் சொன்னால், வியாதி தீர்ந்தது, ஆவணியில் கல்யாணம். சொல்லாவிட்டால் ஆடி முடிந்ததும் வார்டில் படுக்கவைத்துக் கரண்டு. பெரிய டாக்டரிடம் போய், இது கரண்டு வைக்கிற நோய் அல்ல, துக்கம், கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

"துக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பேசுறாளா?"

"அதை நான் சொல்ல முடியாது, டாக்டர்."

"சொல்ல முடியாதா? நான் யாரு, ரோட்டுல போறவனா?"

"நீங்கள் பெரிய டாக்டர். ஆனால் அவள் என்னிடம் நம்பிக் கொடுத்ததை உங்களிடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை."

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் நோயாளியின் வாயை அடைத்துக் குடும்பத்தோடு மோதவிடுவதாகச் சொன்னார். என் வேலையைப் பற்றி நிர்வாகத்திடம் பேசவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பேசுங்கள் என்று வந்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் குடும்பம் இருந்தது.

எதிரி இப்படி ஒரு பக்கம் என்றால், நண்பர்கள் இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் ஒரு கல்லூரிப் பேராசிரியை, பெண்களுக்கான அமைப்பு ஒன்றில் தீவிரமாக வேலை செய்தவர். துணிச்சலான மனுஷி, அவரால் பிழைத்த பெண்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் யார் வாயோ சும்மா இருக்கவில்லை, அவர் காதுக்கு விஷயம் போய்விட்டது. நேராக என் அறைக்குள் வந்தார், கோமதி உட்கார்ந்திருக்கும்போதே.

"நீ பயப்படாதே. உன் மேல் நடக்கிறது வன்முறை. செத்தவளுக்குப் பதிலாக உன்னைத் தள்ளிவிடுகிறார்கள். நீ வீட்டை விட்டு வா. விடுதியில் இடம் நான் வாங்கித் தருகிறேன். போலீசில் சொல்வோம். அந்த ஆள் முகத்திலேயே நீ முழிக்கவேண்டாம். குழந்தையை அவன் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்!"

ஒவ்வொரு வாக்கியமும் நியாயம். நான் மட்டும் தனியாக இருந்திருந்தால் கைதட்டியிருப்பேன். ஆனால் நான் கோமதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை என்றதும் அவள் முகம் மூடிக்கொண்டது. உடம்பைத் திருப்பி, பழையபடி ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா ஒரு கல்யாணத்தை அவள் தலையில் வைத்தார் என்றால், இவர் ஒரு விடுதலையைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பேராசிரியையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். "நீங்கள் அவளைக் காப்பாற்ற வந்தீர்கள், சரி. அவள் பேர் என்ன, தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "பெயரா முக்கியம்? பெண்கள் விஷயத்தில் நடுநிலை என்பது அயோக்கியத்தனம்" என்றார். "நான் நடுவில் நிற்கவில்லை, அம்மா. அவள் பக்கம் நிற்கிறேன். அது எந்தப் பக்கம் என்று அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை" என்றேன். என்னைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மிச்ச நேரம் முழுவதும் கோமதி வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

ஆடியின் கடைசி வாரம். அவள் வந்து உட்கார்ந்ததும், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்தேன். டாக்டர் சொன்னது, கெடு, பேசினால் என்ன ஆகும், பேசாவிட்டால் என்ன ஆகும், என் வேலை ஆட்டம் காண்கிறது என்பது வரைக்கும். "உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறல. ஆனா இது எல்லாம் உன் முதுகுக்குப் பின்னால நடக்கு. உனக்குத் தெரியாம வச்சுக்கிட்டா நானும் அவங்கள்ல ஒருத்திதான். என்ன செய்யணும்னு நான் சொல்லப்போறதில்ல. நீ எத முடிவு பண்ணாலும் கூட நிப்பேன்."

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் வழுக்குவீர்கள். அவளுக்குப் பதில் நீங்களே அப்பாவிடம் பேசிவிடலாம் என்று தோன்றும். ஒரு வழி காட்டினால் என்ன தப்பு என்று தோன்றும். அவள் நிம்மதியாகத் தலையாட்டவும் செய்வாள். அப்புறம் காலத்துக்கும் யாராவது ஒருவர் அவளுக்காகப் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மனுஷியிடம் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும் சக்தி இருக்கிறது என்று நம்புவதாகப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த நம்பிக்கை உங்களுக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று தெரிவது இந்த மாதிரி ஒரு காலையில்தான். என் நாக்கு துடித்தது. கையை நாற்காலிக் கட்டையில் அழுத்திக்கொண்டு இருந்தேன்.

கோமதி ரொம்ப நேரம் யோசித்தாள். "அப்பாவ உள்ள வரச் சொல்லுங்க. நான் சொல்லுதேன்" என்றாள்.

கல்யாணம் நடந்ததா என்றுதான் உங்களுக்கு அரிப்பு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆவணி முகூர்த்தத்தில் நடக்கவில்லை. அப்புறமும் நடக்கவில்லை. வருஷம் திரும்பிய பிறகு கோமதியே மாப்பிள்ளையிடம், எனக்கு நீங்கள் அத்தானாகவே இருங்கள், பிள்ளை எங்கள் வீட்டில் வளரட்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் சரியென்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் ஒரு நாள் அவர் என்னைப் பார்க்க வந்தார். நான் அத்தனை வெறுத்த மனுஷர். "எங்கிட்டயும் யாரும் கேக்கலை, மேடம். பதினாறு அன்னைக்கு நான் மொட்டத்தலையோட உக்காந்திருக்கேன், என் காதுபடவே பேசி முடிச்சிட்டாங்க" என்றார். கோபம் வருவது எனக்குச் சுலபம், யார் மேல் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். அப்பாவைத்தான் கூப்பிட்டேன், பெரியப்பாவும் கூடவே வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மேடம், சம்மதிச்சாளா?"

"அவளிடம் கேளுங்கள்."

"அவகிட்ட கேக்கதுக்கா உங்ககிட்ட வந்தோம்? நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"நான் சொல்லமாட்டேன். இங்கேதான் இருக்கிறாள். அவளிடம் கேளுங்கள்."

"நல்லாருக்கு நியாயம்! ஏலே, கேட்டியாலே? இதுக்குத்தான் இவ்வளவு நாளும் கார் எடுத்துக்கிட்டு வந்தோம். நான் அப்பவே சொன்னேன், இந்தச் சவத்துக்குக் கரண்டு வச்சிருந்தா இந்நேரம் சரியாயிருக்கும்னு."

கோமதியின் கை முந்தியை இறுக்கிப் பிடித்திருந்தது. வாய் திறக்கவில்லை. அவளுக்காக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அவர் எழுந்தார். "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

"என்னலே சொல்லுதே?"

"கொஞ்சம் வெளிய இருங்க, அண்ணாச்சி."

குரலை உயர்த்தவில்லை. அந்த மனுஷர் தன் அண்ணனிடம் இதுவரை அப்படி ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார் என்று பெரியப்பாவின் முகத்திலேயே தெரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு அவர் போனார். அப்பா மகளுக்கு எதிரே உட்காரப்போனார். என்ன நினைத்தாரோ, பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகளிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டார்.

"எம்மா... நீ என்ன நினைக்கே?"

"அப்பா, அக்கா செத்துப்போயிட்டாப்பா" என்றாள் கோமதி.

அவர் அவளையே பார்த்தார். "ஆமாம்மா" என்றார். இன்னொரு தடவை, "ஆமாம்மா, செத்துப்போயிட்டா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை நான் எழுதமுடியாது. இழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்களே, அந்தச் சத்தம். அக்கா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பாவும் வாய்விட்டு அழுதார். அவர்களுக்கு இனி நான் தேவையில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றேன்.

வராந்தாவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரியப்பா, "பாத்தீங்களா, பாத்தீங்களா, கோட்டி முத்திருச்சு!" என்று கத்தினார். பெரிய டாக்டர் வேகமாக வந்தார். பின்னாலேயே நர்ஸ், கையில் ஊசியை ஏற்றிவைத்துக்கொண்டு.

"என்ன நடக்குது உள்ள? தள்ளுங்கம்மா. ஊசி போட்டா அமைதியாயிருவா."

நான் கதவை விட்டு நகரவில்லை.

"ஊசி வேண்டாம் டாக்டர். அவங்க வீட்டுல ஒரு சாவு. அழுதுக்கிட்டு இருக்காங்க" என்றேன்.